லயத்துச் சுவரில் பூசிய சுண்ணாம்பு

சென்ற மாதம் பதுளையில் நடந்த உங்கள் விவசாயப் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். ஏக்கருக்கு எவ்வளவு சுண்ணாம்பு, எந்த மண்ணுக்கு எந்தச் சுண்ணாம்பு, அதைப் போட்ட பிறகு உரம் போட எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டீர்கள். தெரிந்த வரை சொன்னேன். அவை உங்கள் கையேட்டில் என்னைவிடச் சரியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு வந்த பிறகுதான், யாரும் கேட்காத ஒன்றுக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டது. நிலத்துக்கென்று வந்த சுண்ணாம்பை, பதவியில் உள்ள ஒருவர் வேறொரு காரியத்துக்குத் தாருங்கள் என்று கேட்டால் என்ன செய்வது? இது எந்தக் கையேட்டிலும் இல்லை. இந்தக் கேள்வி என்னிடம் ஒருமுறை கேட்கப்பட்டது. சரியான பதில் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்திருந்தும் வேறு பதிலைச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தோட்டங்கள் அரசின் கைக்கு வந்த புதிது. கடைகளில் கோதுமை மா இல்லை, பாண் ரொட்டிக்கு வரிசை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மரவள்ளிக் கிழங்கும் கீரையும் கிடைத்தால் அது நல்ல நாள். நான் அப்போது விவசாயப் போதனாசிரியர். பதுளையிலிருந்த எங்கள் அலுவலகத்திலிருந்து, கந்தோர் என்போம், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களைப் பார்க்க அனுப்பப்பட்டவன். பஸ் பாதி வழியில் நின்றுவிடும். மீதியை நடந்தோ, கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டோ போக வேண்டும்.

அங்கே ஒரு தோட்டத்தில், விளைச்சல் குறைந்த கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, அந்த மலைச்சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். காய்கறி போட்டுக்கொள்ளுங்கள், பசியாறுங்கள் என்பது மேலிடத்து உத்தரவு. உத்தரவு நல்லதுதான். மண் நல்லதாக இல்லை. தேயிலைக்கு அமில மண் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சரிவிலோ பல தலைமுறைக் காலமாக அமோனியம் சல்பேற்றைக் கொட்டி, இயற்கையாக இருந்த அமிலத்தை இன்னும் ஏற்றி வைத்திருந்தார்கள். தேயிலை போய்விட்டது, புளிப்பு அங்கேயே இருந்தது. அந்த மண்ணில் போஞ்சி விதைத்தால் முளைக்கும், இரண்டு இலை விடும், பிறகு மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும்.

நான் மண்ணைப் பரிசோதித்து, சுண்ணாம்பு கேட்டு, கந்தோரில் பல பேருடன் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு லொறி நிறைய நீற்றிய சுண்ணாம்பு வாங்கிவிட்டேன். சூளையிலிருந்து வந்த அந்த மூட்டைகளைத் தொழிற்சாலையை ஒட்டிய கொட்டிலில் அடுக்கியபோது எனக்கிருந்த பெருமைக்கு அளவில்லை. ஐப்பசி மழைக்குச் சில வாரங்கள் இருந்தன. இப்போதே போட்டுக் கொத்திவிட்டால், மழையோடு விதைக்கும்போது மண் தயாராக இருக்கும். சுண்ணாம்பு மருந்தைப் போன்றதல்ல, போட்டவுடன் வேலை செய்யாது; அதற்குக் காலம் வேண்டும். இதைத் துண்டு வாங்கிய எல்லோரையும் பெரட்டுக் களத்தில் கூட்டிவைத்து விளக்கினேன். காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது.

"அப்ப மண்ணு புளிச்சுப் போச்சுங்கிறீங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆமா."

"தோச மாவு புளிச்சா சோடாப்பு போடுவோமே, அந்த மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான்."

"வெளங்கிருச்சுங்க. அப்பறம் எதுக்கு இம்புட்டு நேரம் இங்கிலீசுல பேசுனீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்படிக் கேட்டவர் பேச்சாயி. கொழுந்து எடுப்பவர், முப்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, மலையின் மறுபக்கம் வரை கேட்கும் குரல். அவருடைய கணவர் முத்தையா கவ்வாத்து வெட்டுபவர், அதிகம் பேசாதவர். இரண்டு பிள்ளைகள்.

கூட்டம் கலைந்த பிறகு முத்தையா என்னைத் தனியாக நிறுத்தினார்; பேச்சாயியும் கூட நின்றார். அவர்கள் இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியப் பிரசைகளாகப் பதியப்பட்டவர்கள். கடவுச்சீட்டு வந்துவிட்டது. அவருடைய அண்ணன் குடும்பம் ஏற்கெனவே இந்தியாவுக்குப் போய்விட்டது. இவர்களுக்கும் பயணத் திகதி குறித்தாகிவிட்டது.

"எனக்குப் போயிரலாம்னு இருக்குங்க," என்றார். "இங்க பிள்ளைங்க வயித்தப் பாக்க முடியல. இவ மாட்டேங்கிறா."

"எங்க அம்மாவ இந்த மண்ணுலதான் பொதச்சிருக்கு," என்றார் பேச்சாயி. "நானும் இங்கதான் பொறந்தேன். போயி அங்க யாரு மொகத்துல முழிக்கிறது? இந்தத் துண்டு வெளஞ்சா இருப்போம். வெளையாட்டி நீ கூப்புட்ட எடத்துக்கு வாரேன். அதான பேச்சு?"

"அதான் பேச்சு," என்ற முத்தையா என்னைப் பார்த்தார். "ஐயா, நெசமா வெளையுங்களா? வெளையும்னா திகதியத் தள்ளிப்போடச் சொல்லி எழுதிக் குடுத்துருவேன்."

அப்படித் தள்ளிப்போட்டவர்கள் அந்நாட்களில் பலர் இருந்தார்கள். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. முத்தையா, தன் குடும்பம் எங்கே வாழ்வது என்பதை என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காக நிறுத்தி வைத்திருந்தார்.

"சுண்ணாம்பு போட்டா வெளையும். நான் சொல்றேன்," என்றேன். அந்த அளவில் அது உண்மைதான்.

மறுநாள் துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். அரசு நியமித்த புது நிர்வாகி அவர். தோட்டத்து வழக்கப்படி எல்லோருக்கும் அவர் துரைதான். நான் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். என் தகப்பனார் தம் ஆயுள் முழுவதும் எந்தத் துரை பங்களாவுக்குள்ளும் கால் வைத்ததில்லை. படிக்கு வெளியே நின்று பேசிவிட்டுத் திரும்புவார். என்னை இந்தத் துரை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி காட்டி, பீங்கான் கோப்பையில் தேநீர் ஊற்றினார். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. என்னை எது வாங்கியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர் ஆங்கிலத்தில் பேசினார். கொழும்பிலிருந்து பெரிய அதிகாரிகள் லயங்களைப் பார்க்க வருகிறார்கள். லயச் சுவர்களில் வெள்ளை பூசிப் பல வருடங்களாகிவிட்டன. வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக்குச் சொல்லியிருக்கிறது, இன்னும் வரவில்லை. "உங்கள் மூட்டைகள் கொட்டிலில் சும்மாதானே இருக்கின்றன? ஒரு கிழமைக்கு, ஏழே நாளைக்கு, கடனாகக் கொடுங்கள். எங்கள் சுண்ணாம்பு வந்ததும் மூட்டைக்கு மூட்டை திருப்பித் தருகிறேன்."

அவர் கெட்டவரல்லர். அவருக்கு முன் இருந்தவரை ஒரு புகாரின் பேரில் இரவோடு இரவாக மாற்றியிருந்தார்கள். தமக்கும் அதே நேரும் என்று பயந்திருந்தார். கேட்பவர் முரடராக இருந்தால் மறுப்பது எளிது. உங்களுக்கு வீம்பாவது துணைக்கு வரும். பயந்துபோன ஒரு மனிதர், உங்களைச் சமமாக நடத்தி, மரியாதையாகக் கேட்கும்போதுதான் மறுப்பது கடினம். அங்கேதான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு கிழமை என்று அவர் சொன்னது சுண்ணாம்பு வருவதைப் பற்றி. மழை அந்தப் பேச்சுக்குக் கட்டுப்படாது என்று எனக்குத் தெரியும். லொறிகள் அந்தப் பாதையில் எத்தனை நாள் சிக்கிக் கிடக்கும் என்றும் தெரியும். "பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்," என்றேன். ஆங்கிலத்தில் சொல்ல அது இன்னும் எளிதாக இருந்தது.

வெள்ளையடித்த நாள் தோட்டத்தில் திருவிழாவாகத்தான் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. புகையும் பாசியும் பிடித்துக் கிடந்த சுவர்கள் வெளுத்ததும் ஆட்களுக்குச் சந்தோஷம். பெண்கள் தும்புத் தூரிகைகளோடு சுவரெங்கும் தெறிக்கவிட்டார்கள். மேற்பார்த்துக்கொண்டிருந்த சுப்பையா கங்காணி, "பூசுங்கடி, பூசுங்க! பொண்ணு பாக்க வாராங்க, லயத்துக்குப் பவுடர் வேணாமா?" என்றார்.

"கங்காணி தலையிலயும் ரெண்டு இழுப்பு இழுத்து விடுங்கடி," என்று ஒருத்தி கத்தினாள். "ஒரே வெள்ளையாப் போயிட்டா நரை தெரியாது!"

பேச்சாயி மட்டும் சிரிக்கவில்லை. கையில் தூரிகையோடு என்னிடம் வந்தார்.

"ஏங்கய்யா, மண்ணுக்குத்தான புளிப்புன்னு சொன்னீங்க? சொவத்துக்கு என்னாங்க புளிப்பு?"

"இது கடனாக் குடுத்தது. அடுத்த கிழம வந்துரும்."

"மழ வந்துருச்சுன்னா?"

"வந்துரும்னு சொல்றேன்ல?" என்றேன். என் குரலில் எரிச்சல் இருந்தது. அவர் கேட்டது சரியான கேள்வி என்பதால் வந்த எரிச்சல் அது.

அடுத்த கிழமை சுண்ணாம்பு வரவில்லை. சூளைக்காரர்கள் விறகில்லை என்றார்கள். பிறகு லொறி இல்லை என்றார்கள். அதற்குள் மழை வந்தது. அதிகாரிகளோ வரவில்லை, வருகை ஒத்திப் போடப்பட்டது, மறுபடியும் ஒத்திப் போடப்பட்டது. வெள்ளைச் சுவர்கள் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றன.

அப்போதும் எனக்கு ஒரு வழி இருந்தது. விதைக்காதீர்கள், சுண்ணாம்பு வரும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். விதையாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால், ஏன் பொறுக்க வேண்டும், யாரால் பொறுக்க வேண்டும் என்ற பேச்சு எழும். கந்தோர் வரை போகும். பருவம் தவறக் கூடாது, விதைத்துவிடுங்கள் என்றேன். முதல் தவறை மறைக்க இரண்டாவது தவறு செய்வது எவ்வளவு இலகு என்று அன்று கண்டுகொண்டேன். முதலாவதற்கு ஒரு கோப்பைத் தேநீராவது தேவைப்பட்டது. இரண்டாவதற்கு அதுவும் தேவைப்படவில்லை.

போஞ்சி முளைத்தது. சில நாட்கள் பச்சையாக நின்றது. பிறகு ஓரங்களிலிருந்து மஞ்சள் ஏறியது. வேர்கள் தடித்துக் குட்டையாகி, கீழே இறங்காமல் மேல் மண்ணிலேயே சுருண்டுகொண்டன. அந்த நாட்களில் எங்கள் கந்தோரின் மூத்த அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்ததெல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். கீழே லயத்துச் சுவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போய்விட்டார். பதுளைக்குப் போனதும் அவரே சூளைக்கு நேரில் போய் வேறொரு லொறிக்கு ஏற்பாடு செய்தார் என்று பிறகு அறிந்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால், அடுத்து நடந்ததில் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்திருக்குமோ என்று நினைப்பதுண்டு. இல்லை. பழியை அவர் மேல் போடப் பார்க்கிறேன்.

அதிகாரிகள் ஒருவழியாக வந்தார்கள். மழை விட்டு வெயிலடித்த ஒரு முற்பகல். அவர்களில் தலைவராக வந்தவர் சிங்களவர், நரைத்த தலை, நிதானமான மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் மொழிபெயர்க்க என்னை அருகில் வைத்துக்கொண்டார். துரை இன்னொரு பக்கம் நடந்தார்.

லயத்தின் முன்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த மனிதர் உண்மையாகவே வேலை செய்பவர். கழிவுநீர்க் கான் எப்படி இருக்கிறது, தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்கப் பின்பக்கம் போனார். நாங்களும் போனோம்.

வரிசையில் கடைசி வீடான காம்பராவின் பின்சுவர் வெறுமையாக நின்றது. ஒரு பெண்ணின் கை எட்டும் உயரம் வரை வெள்ளை முழுவதும் சுரண்டி எடுக்கப்பட்டு, உள்ளேயிருந்த பழைய கருஞ்சாந்து தெரிந்தது. அதற்கு மேலே மட்டும் வெள்ளை. சுவரடியில் ஒரு தகரமும் தேய்ந்த கரண்டியும் கிடந்தன. தகரத்தில் பாதி அளவுக்கு வெள்ளைத் தூள்.

அது பேச்சாயியின் வீடு. சத்தம் கேட்டு அவரே வெளியே வந்தார்.

"இது என்ன?" என்று பெரியவர் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

பேச்சாயி பயப்படவில்லை. இப்படியொரு ஆள் வந்து கேட்க வேண்டும் என்று காத்திருந்தவர் போலப் பேசத் தொடங்கினார்.

"நாந்தாங்க சொரண்டுனேன். வெளையாட்டுக்குச் சொரண்டல. இது எங்க மலைக்குன்னு வந்த சுண்ணாம்பு. இந்த ஐயாதான் கொண்டாந்தாரு. இதப் போட்டாத்தான் மண்ணு புளிப்புப் போகும், போஞ்சி காய்க்கும்னு அவரேதான் பெரட்டுல வச்சுச் சொன்னாரு. அத நம்பித்தான் பயணத்தத் தள்ளிப் போட்டோம். அப்பறம் தூக்கிச் சொவத்துல பூசிட்டாங்க. அடுத்த கிழம, அடுத்த கிழமன்னாங்க. வரல. செடி மஞ்சளாப் போயிட்டிருக்கு. எங்களுக்கு வந்தத நாங்களே எடுத்துக்கிட்டோம். தப்புன்னா சொல்லட்டும். அவரு இங்கதான நிக்கிறாரு, கேட்டுப் பாருங்க."

சுவரில் பூசிக் காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டிப் போட்டு ஒரு மலைச்சரிவைத் திருத்த முடியாது. அந்தத் தகரத்தில் இருந்தது ஒரு பாத்திக்கும் காணாது. ஆனால் அவர் செய்தது நான் சொன்னதைத்தான். என் சொல்லை அந்தத் தோட்டத்தில் முழுவதும் நம்பியவர் அவர் ஒருவர்தான்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

துரைக்குத் தமிழ் தெரியும். பேச்சாயி சொன்னது ஒவ்வொன்றும் அவருக்கு விளங்கியது. அவர் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுப்பையா கங்காணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சாயியும்.

அந்தப் பெரியவர் நியாயமான மனிதர் என்று அந்த முற்பகல் அவருடன் நடந்ததில் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளதைச் சொல்லியிருந்தால் துரையைக் கடிந்திருப்பார், என்னையும் கடிந்திருப்பார். அதோடு முடிந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. இதையெல்லாம் அந்தக் கணத்திலேயே யோசித்தேன். யோசிக்க நேரம் இல்லாமல் தவறு செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"அறியாமையால் செய்துவிட்டாராம்," என்றேன் சிங்களத்தில். "மன்னிப்புக் கேட்கிறார்."

பெரியவர் தலையசைத்தார். "இவர்களுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்க வேண்டும்," என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டு, ஏதாவது பொருத்தமான நடவடிக்கை எடுக்கும்படி துரையிடம் கூறிவிட்டு, கானைப் பார்க்கப் போனார்.

அன்று மத்தியானம் நான் புறப்படும்போது, பீலியடியில் பேச்சாயி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தேன்.

"ஐயா," என்றார். "நான் எம்புட்டு நேரம் பேசுனேன்! நீங்க ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்க. சிங்களத்துல அம்புட்டுச் சுருக்கமாங்க?"

குடம் நிறைந்து வழிந்தது. அவர் எடுக்காமல் நின்றார்.

இரண்டொரு நாளில், சுவரைச் சேதப்படுத்திய குற்றத்துக்காகப் பேச்சாயியின் துண்டு பறிக்கப்பட்டு வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. கேள்விப்பட்டதும் பங்களாவுக்குப் போனேன். இந்த முறையும் துரை நாற்காலி காட்டினார். நான் உட்காரவில்லை. அந்த அளவு ரோஷம் மட்டும் இருந்தது.

"அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் செய்ததில் குற்றம் இல்லை. உங்களுக்கே தெரியும்," என்றேன்.

"மன்னிப்புக் கேட்டதாக நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றார் துரை. குத்திக்காட்டும் குரல் இல்லை, களைத்துப்போன குரல். "குற்றம் செய்தவர்தானே மன்னிப்புக் கேட்பார்? பெரியவர் நடவடிக்கை என்ன என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். குற்றமே இல்லை என்று இப்போது எழுதினால், அன்று மொழிபெயர்த்தவர் யார் என்று கேட்பார்கள். எழுதட்டுமா?"

எழுதுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம். "வேண்டாம்," என்று சொல்லிவிட்டு மலையிறங்கினேன்.

இளைய நண்பர்களே, இந்தத் தொழிலில் உங்களுக்குப் பிழைகள் நேரும். அளவு தவறும், பருவம் தவறும், ஒரு போகம் கெடும். அவற்றை அடுத்த போகத்தில் திருத்தலாம். மண் பொறுமையானது. ஆனால் உங்கள் சொல்லை நம்பி ஒருவர் ஒரு காரியம் செய்து, அதற்காக அவர் கேள்வி கேட்கப்படும் இடத்தில் நீங்களும் நிற்க நேர்ந்தால், அங்கே உங்கள் அறிவு உதவாது, பட்டமும் உதவாது. நான்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதை அப்போதே சொல்ல வேண்டும். பிறகு சொல்வதற்குப் பயனில்லை. நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பதற்கும் பயனில்லை என்பதை அறிந்தேதான் எழுதுகிறேன். துரையும் அந்த மூத்த அதிகாரியும் காலமாகிவிட்டார்கள். பேச்சாயி எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

மாற்றுச் சுண்ணாம்பு ஒருநாள் வந்து சேர்ந்தது. சரிவு முழுவதும் போட்டுக் கொத்தி, பொறுத்திருந்து, மறுபடியும் விதைத்தோம். இம்முறை போஞ்சி நன்றாக வந்தது. கொடி ஏறிப் பூத்தது. கந்தோரில் என்னைப் பாராட்டினார்கள். வேறு தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து அந்தச் சரிவைக் காட்டினார்கள். நானே முன்னால் நின்று விளக்கினேன்.

காய் பறிக்கத் தொடங்கிய ஒரு காலையில் முத்தையா குடும்பம் புறப்பட்டது. பதுளையில் கோச்சி ரயில் ஏற வேண்டும், அங்கிருந்து தலைமன்னார், பிறகு இந்தியாவுக்குக் கப்பல். தோட்டத்து லொறியில் இரண்டு பெட்டிகள், பாய் மூட்டை, பிள்ளைகள். சரிவின் அடியில் கங்காணி வண்டியை நிறுத்தி வேறொரு மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பாத்திகளுக்கு நடுவே நின்றிருந்தேன். ஒளிய இடமில்லை. இறங்கி வந்து லொறியின் பக்கத்தில் நின்றேன்.

முத்தையா கையெடுத்துக் கும்பிட்டார். பேச்சாயி என்னைப் பார்க்காமல், மேலே, தன் துண்டாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வேறொரு பெண் கூடையோடு காய் பறித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் வந்திருக்கு," என்றார் பேச்சாயி.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நாங்க போற எடத்துல மலைதானாம். கொஞ்சம் நெலம் தருவாங்கன்னு இவுக அண்ணன் சொல்லி விட்டிருக்காரு. அங்க மண்ணு எப்புடிங்க? நல்ல மண்ணா, இங்க மாதிரி புளிச்ச மண்ணா?"

கேலியாக இருக்குமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது. மண்ணைப் பற்றிக் கேட்க அவருக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

"தெரியாது," என்றேன்.

அவர் பாய் மூட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"தெரியாததத் தெரியாதுன்னு சொல்ல வருது ஒங்களுக்கு," என்றார். "தெரிஞ்சதக் கேட்ட அன்னிக்குத்தான் வாய் வரல."

கங்காணி லொறியின் பின்பலகையைத் தட்டினார். வண்டி நகர்ந்தது.